சீன தேசத்தில் ஒரு திருக்கானீசுவரம்

திருச்சுழித் தலத்து இறைவனுக்குத் திருமேனிநாதர் என்பது திருநாமம். அம்பிகை துணைமாலை நாயகி. பாண்டிய நாட்டுப் பாடல் பெற்ற தலங்கள் பதினான்கனுள் ஒன்றான இத்தலத்தைச் சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருச்சுழியல் என்று பாடியருளினார். பிரளய வெள்ளம் பொங்கி வந்தபோது பெருமான் தம் சூலத்தை நிலத்தில் ஊன்ற, அவ்வழியே வெள்ளம் சுழித்து இறங்கிற்று. அதனால் சுழியல் என்று பெயர் வந்தது எனத் தலபுராணம் கூறும். ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் குண்டாற்றங்கரையில் நின்று இந்த வரலாற்றைக் கேட்கும்போது, வெள்ளத்துக்கு அஞ்சிய ஊரா இது என்று வியப்புத் தோன்றும். 1879-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள், ஆருத்ரா தரிசன வேளையில் பகவான் ரமண மகரிஷி அவதரித்ததும் இவ்வூரிலேதான்.

எங்கள் இல்லத்தில் எவர் நெடுந்தூரம் புறப்பட்டாலும் முதல்நாள் திருமேனிநாதரை வணங்கித் திருநீறு பெற்றுச் செல்வது வழக்கம். மகன் பணி நிமித்தமாகச் சீனாவின் ஷியாமென் நகரில் இருந்தபோது, நானும் என் மனைவியும் அங்கே செல்லும் வாய்ப்பு அமைந்தது. வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டாண்டுகள் கழிந்திருந்த சமயம். அன்றும் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி சென்று அர்ச்சனை செய்தோம். “உடம்புக்கு ஒன்றும் வராமல் போய்வர வேண்டும், திருமேனிநாதா” என்று என் மனைவி வாய்விட்டே வேண்டிக்கொண்டாள். அந்த வேண்டுதலின் எதிரொலியைக் கடல் கடந்து, எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு கல்லில் காணப்போகிறோம் என்று அப்போது நாங்கள் அறியோம்.

கல்லில் எழுந்த வேண்டுதல்

ஷியாமென் நகருக்கு வடக்கே, அதிவேக ரயிலில் அரைமணி நேரப் பயணத்தில் இருப்பது சுவான்சௌ. ஃபூஜியன் மாநிலத்துப் பெருநகரங்களுள் ஒன்று. நம் நூல்களில் இதனைக் குவான்சௌ என்றும் எழுதுவர். அரபு வணிகர் இதனைச் சைத்தூன் என்றனர். மார்க்கோ போலோவும் இபன் பதூதாவும் உலகின் மிகப் பெரிய துறைமுகங்களுள் ஒன்றாக இதனைப் போற்றினர். நாங்கள் சென்று வந்த பின்னர், 2021-ஆம் ஆண்டில், இந்நகரையும் சுற்றுப்புறத்தையும் சேர்ந்த 22 இடங்களை யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்தச் சுவான்சௌவில் 1956-ஆம் ஆண்டு ஒரு கல்வெட்டு கிடைத்தது. மேலே தமிழ் எழுத்துகள். அடியில் சீன எழுத்தில் ஒரு வரி. இன்று அது ஷியாமென் பல்கலைக்கழகத்தின் மானிடவியல் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கல்வெட்டறிஞர் தி.நா. சுப்பிரமணியம் அதனைப் படித்து விளக்கினார். ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் அதனை ஆராய்ந்தார். சகாப்தம் 1203, சித்திரை மாதம், சித்திரை நட்சத்திரம் என்று அக்கல்வெட்டு நாள் குறிக்கிறது. ஆங்கிலக் கணக்கில் 1281-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம்.

அது கூறும் செய்தி இதுதான். சம்பந்தப் பெருமாள் என்னும் தவச்சக்கரவர்த்திகள், செகசை கானுடைய திருமேனி நலமாக இருக்கும்பொருட்டு, அந்தக் கானின் ஆணைப்படி, திருக்கானீசுவரம் உடைய நாயனாரை எழுந்தருளச் செய்தார். செகசை கான் என்பது அப்போது சீனத்தை ஆண்ட மங்கோலியப் பேரரசர் குப்ளாய் கானையே குறிக்கும் என்பது அறிஞர் பலரின் கருத்து. அரசாணையைக் குறிக்க, பாரசீகச் சொல்லான பர்மான் என்பதைத் தமிழெழுத்தில் அப்படியே பொறித்திருக்கிறார்கள். நம் மன்னர்கள் பெயரால் இராஜராஜேச்சுரம் என்றும் சுந்தரபாண்டிய ஈசுவரம் என்றும் கோயில்கள் எழுந்தது போலவே, கான் பெயரால் ஒரு கானீசுவரம் எழுந்திருக்கிறது.

இந்தச் செய்தியை மகன் படித்துக் கூறியபோது, என் மனைவி ஒரே ஒரு சொல்லில் நின்றுவிட்டாள். “திருமேனிக்காகவா? நம் சுவாமி பெயர் அல்லவா அது!” என்றாள். கல்வெட்டிலே திருமேனி என்பது அரசனின் உடம்பைக் குறிக்கும் மரியாதைச் சொல், அவ்வளவே. ஆயினும் எங்களுக்கு அது அவ்வளவாக மட்டும் தோன்றவில்லை. தனக்கு ஆதரவளித்த அந்நிய அரசனின் உடல்நலத்துக்காக, அவனுடைய தலைநகருக்கு அருகில்கூட அல்லாத ஒரு துறைமுகத்தில், ஞானசம்பந்தரின் பெயர் தாங்கிய ஒரு தமிழர் சிவபெருமானைப் பிரதிட்டை செய்து வேண்டியிருக்கிறார். வேண்டுதல் என்பது நமக்கு மட்டும் கேட்டுக்கொள்வதன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

எவ்வாறு சென்றனர்?

இந்த ஒரு கல்வெட்டு தனித்து நிற்பதன்று. சோழர் தூதுக்குழுக்கள் 1015-ஆம் ஆண்டிலும் 1033-ஆம் ஆண்டிலும் 1077-ஆம் ஆண்டிலும் சீன அரசவைக்குச் சென்றதைச் சீன வரலாற்று நூல்கள் பதிவு செய்துள்ளன. 1077-இல் சென்ற குழுவில் 72 பேர் இருந்தனர். சுமத்திராவின் பாருஸ் பகுதியில் திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-இல் பொறித்த தமிழ்க் கல்வெட்டு உண்டு. சுவான்சௌவில் அதிகாரியாக இருந்த சாவ் ருகுவா 1225-இல் எழுதிய நூல், 980-களில் இந்தியத் துறவி ஒருவர் அந்நகரின் தென்புறத்தில் கோயில் எழுப்பியதையும், தென்னிந்தியத் தந்தையும் மகனும் அங்கே குடியிருந்ததையும் குறிப்பிடுகிறது.

குப்ளாய் கான் காலத்தில் நம் பாண்டிய நாட்டை மாபார் என்று அழைத்தனர். கடல் கடந்த நாடுகளுள் மாபாரும் கொல்லமுமே தலையாயவை என்று சீன அரச வரலாறு எழுதுகிறது. திருக்கானீசுவரத்துக் கல்வெட்டு பொறிக்கப்பட்ட அதே 1281-ஆம் ஆண்டில், யாங் திங்பி என்னும் கானின் தூதர் சுவான்சௌவிலிருந்து புறப்பட்டு மாபார் கரையை அடைந்தார். அப்போது மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி. பத்தாண்டுகள் கழித்து மார்க்கோ போலோ கப்பலேறியதும் அதே துறைமுகத்தில். அவரும் பாண்டிய நாட்டுக் கரையில் முத்துக்குளிப்பைக் கண்டு எழுதினார்.

நம் பக்கத்திலும் இதற்குச் சான்றுகள் உண்டு. திருச்சுழியிலிருந்து கிழக்கே கடலோரத்துக்குச் சென்றால் இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினம். அங்கே நடந்த அகழாய்வில் சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. நாகப்பட்டினத்தில் 1267-ஆம் ஆண்டைக் குறிக்கும் சீன எழுத்துப் பொறித்த செங்கல் கோபுரம் ஒன்று நின்றதாகச் சீனப் பயணி வாங் தாயுவான் எழுதியுள்ளார். கரிசல் காட்டிலும் செவல் காட்டிலும் விளைந்த பருத்தியின் நாட்டுக்கும் பட்டு விளைந்த நாட்டுக்கும் இடையே கடல் ஒரு பாதையாக இருந்தது.

பௌத்த ஆலயத்தில் கண்ணன்

சுவான்சௌவில் நாங்கள் முதலில் தரிசித்தது கையுவான் ஆலயம். கி.பி. 686-இல் தோன்றிய பௌத்த ஆலயம் இது. தோட்டத்தின் உரிமையாளர், “என் முசுக்கட்டை மரத்தில் தாமரை மலரட்டும், பிறகு இடம் தருகிறேன்” என்று சொல்ல, மலர்ந்துவிட்டதாக வரலாறு கூறுவர். கிழக்கிலும் மேற்கிலும் இரண்டு கற்கோபுரங்கள், ஒவ்வொன்றும் எண்கோணமாய், ஐந்து நிலைகளுடன், நாற்பது மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கின்றன. இன்று காணும் கல் வடிவம் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது.

நம்மவர் தவறாமல் காண வேண்டியது பெருமண்டபத்தின் பின்புறத்தில் இருக்கிறது. அங்கே பதினாறு பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள். அவற்றின் வட்டங்களுக்குள் சிறு சிறு சிற்பங்கள். முதல் வட்டத்தைப் பார்த்ததும் என் மனைவி என் கையைப் பற்றினாள். உரலில் கட்டுண்ட கண்ணன் இரு மருத மரங்களுக்கிடையே தவழ்கிறான்! அடுத்து, கோபியரின் ஆடைகளை வைத்துக்கொண்டு மரத்தின்மேல் இருக்கிறான். பிறிதொரு வட்டத்தில் இரணியனை மடியிற் கிடத்திய நரசிங்கம். இன்னொன்றில் கஜேந்திரனுக்கு அருளும் திருமால். மண்டபத்தின் முன்மேடையைச் சுற்றி, மனித முகமும் சிங்க உடலும் கொண்ட எழுபதுக்கும் மேற்பட்ட சிற்பங்கள் வரிசையாக உள்ளன. இவையெல்லாம் சிதைந்துபோன இந்துக் கோயிலின் கற்கள். பிற்காலத்தில் மிங் மரபினர் ஆட்சியில் கையுவான் ஆலயத்தைப் புதுப்பித்தபோது இங்கே கொண்டுவந்து பொருத்தியிருக்கிறார்கள்.

சீனக் குடும்பங்கள் ஊதுவத்திகளை ஏந்தி முன்புறம் வழிபட்டுக்கொண்டிருந்தன. பின்புறத்தில் எவரும் இல்லை. என் மனைவி கண்ணன் கதையைத் தூணுக்கே சொல்வதுபோல் மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். கண்ணனுக்கு அவன் கதையைத் தமிழில் கேட்டு எத்தனை நூற்றாண்டுகள் ஆயினவோ என்று எனக்குத் தோன்றிற்று.

கடல்வணிக அருங்காட்சியகத்தில் பிற கற்களைக் கண்டோம். யானை ஒன்று துதிக்கையில் மலர் ஏந்தி லிங்கத்தை வழிபடுகிறது. பசு ஒன்று லிங்கத்தின்மேல் பாலைச் சொரிகிறது. ஆனைக்காவையும் ஆவினங்கள் பால் சொரிந்த நம் தலக்கதைகள் பலவற்றையும் நினைக்காமல் இருக்க முடியுமா? இந்நகரிலும் சுற்றிலும் முந்நூறுக்கும் மேற்பட்ட இத்தகைய சிற்பத் துண்டுகள் கிடைத்துள்ளன என்கின்றனர். பலவும் பழைய நகரத்து மதிலை இடித்தபோது வெளிப்பட்டவை. சுவாமியின் கற்கள் மதிலுக்குள் அடைகல்லாகக் கிடந்திருக்கின்றன.

ஏன் இந்த நிலை? 1357 முதல் 1366 வரை அந்நகரில் பெருங்கலகம் நிகழ்ந்து அயல்நாட்டார் குடியிருப்புகள் அழிந்தன. அதன்பின் வந்த மிங் அரசு கடல் வணிகத்தைத் தடை செய்தது. வந்தவர் திரும்பினர்; இருந்தவர் மறைந்தனர். திருக்கானீசுவரத்தை எவரும் பகைத்து இடித்தார்கள் என்று சொல்லச் சான்று ஏதும் இல்லை. வழிபட ஆள் இல்லாமற் போயிற்று. அதன் பிறகு கோயில் கல்லாயிற்று, கல் மதிலாயிற்று.

கண்ணாடிக்கு அப்பால் இருந்த லிங்கத்தின் முன், என் மனைவி கைப்பையிலிருந்து திருச்சுழித் திருநீற்றை எடுத்துத் தன் நெற்றியிலும் என் நெற்றியிலும் இட்டாள். காவலர் எங்களைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாங்கள் மனத்துக்குள் ஐந்தெழுத்தை ஓதி வணங்கினோம்.

காற்றுக்கு ஒரு வேண்டுதல்

மறுநாள் நகரைச் சுற்றியுள்ள நாட்டுப்புறத்துக்குப் புறப்பட்டோம். மேற்கே ஜியூரி மலை. சிறிய மலைதான், முதியோரும் மெல்ல ஏறலாம். பாறைகளில் சீன எழுத்துகள். சோங் மரபினர் ஆட்சியில் நகர அதிகாரிகள் ஆண்டுக்கு இருமுறை இங்கே வந்து, கப்பல்களுக்கு நல்ல காற்றைத் தரும்படி வேண்டி, அதைப் பாறையில் பொறித்தார்கள். 1174 முதல் 1266 வரையிலான பொறிப்புகள் உள்ளன.

நாம் வறண்ட பூமிக்காரர், மழைக்கு வேண்டுவோம். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று நமக்கு மழையைக் கொணர்கிறது. சுவான்சௌவின் கப்பல்களைத் தெற்கே நம் திசைக்குச் செலுத்தியதும் அந்த வாடைக்காலக் காற்றே. அவர்கள் கப்பலுக்காகக் கேட்டார்கள். நாம் கம்மாய்க்காகக் கேட்கிறோம்.

வடகிழக்கே லுவோயாங் பாலம். 1053-இல் தொடங்கி 1059-இல் முடித்த கற்பாலம். கடலலை மோதும் கழிமுகத்தில் அடித்தளக் கற்களைப் பிணைக்கச் சுண்ணாம்பு பயன்படாது என்று, சிப்பிகளைக் கற்களில் வளரவிட்டு அவற்றாலேயே பிணைத்தார்கள். நடந்து கடக்க இன்றும் உறுதியாக இருக்கிறது.

கடலோரத்து ஷுன்பு கிராமத்தில் சிப்பி ஓடுகளைப் பதித்துக் கட்டிய வீட்டுச் சுவர்கள் வெள்ளையாய் மின்னுகின்றன. அங்குள்ள பெண்கள், பாட்டிமார் உட்பட, கொண்டையைச் சுற்றிப் பூச்சரத்தை வட்டமாகச் சூடுகிறார்கள். மீன் விற்கும் மூதாட்டி தலையில் அத்தனை பூ! என் மனைவியும் ஒரு சரம் வாங்கிச் சூடிக்கொண்டாள். எங்கள் ஊர்ச் சந்தையில் முழக்கணக்கில் பூ விற்கும் பெண்மணியின் நினைவு வந்தது.

செதியன் ஊர் அம்மன்

பயணத்தின் உச்சம் எதுவென்று கேட்டால், செதியன் என்னும் சிற்றூர் என்பேன். சுவான்சௌவுக்குத் தெற்கே உள்ளது. குறுகலான தெருவுக்குள் ஓர் அறை அளவே உள்ள கோயில். உள்ளே குவான்யின் அன்னை என்று ஊரார் வணங்கும் கல்திருமேனி. உற்றுப் பார்த்தோம். நான்கு திருக்கரங்கள், காலின்கீழ் அசுரன், இருபுறமும் பணிப்பெண்கள். நம் ஊர்க் கோயிலிலிருந்து அப்படியே எழுந்து வந்தவள்போல் இருக்கிறாள். சிவாலயத்தைச் சேர்ந்த அம்மன் வடிவம் இது என்று அங்குள்ள ஆய்வாளர்களே சொல்கின்றனர். முன்னொரு காலத்தில் பழைய கோயில் இடிந்தபோது, ஊரார் இடிபாடுகளுக்குள்ளிருந்து அவளை மீட்டு எழுந்தருளச் செய்தனர் என்பது செவிவழிச் செய்தி.

குவான்யின் என்பவள் யார்? பௌத்தர் போற்றும் அவலோகிதேசுவரரே சீனத்தில் கருணைத் தாயாக வணங்கப்படுகிறார். அவலோகிதரின் இருப்பிடமான பொதலக மலை தென்னாட்டில் மலய மலைக்கு அருகே உள்ளது என்று யுவான் சுவாங் எழுதினார். அது நம் பொதிகையே என்பர் அறிஞர் சிலர். அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடம் என்று வீரசோழியம் என்னும் இலக்கண நூல் கூறும். எனவே பெயர் மாறினாலும் அன்னை பாண்டிய நாட்டு உறவை விட்டுவிடவில்லை.

நாங்கள் சென்ற வேளையில் எண்பது வயது மதிக்கத்தக்க ஒரு பாட்டி அங்கே இருந்தார். ஆரஞ்சுப் பழங்களைத் தட்டில் அடுக்கி, எண்ணெய் விளக்கைத் தூண்டி, ஊதுவத்தி ஏற்றினார். எங்கள் நெற்றியையும் என் மனைவியின் சேலையையும் பார்த்துச் சிரித்து, தம் கையிலிருந்த ஊதுவத்திகளில் மூன்றை என் மனைவியிடம் கொடுத்தார். மகனின் நண்பர் ஒருவர் மொழிபெயர்த்தார். “இந்த அம்மன் எங்கள் நாட்டிலிருந்து வந்தவள்” என்று நான் சொல்லச் சொன்னேன். பாட்டி தலையசைத்தார். “இருக்கலாம். என் மாமியார் விளக்கேற்றினார், நான் ஏற்றுகிறேன்” என்றார். அந்த விடைக்குமேல் நான் பேசவில்லை.

திரும்பும் வழியில் நண்பர் ஆன்ஷி மலைப் பகுதித் தேயிலையைப் பற்றிச் சொன்னார். அதன் பெயர் தியே குவான்யின். இரும்புக் குவான்யின் என்று பொருள். வெய் என்னும் ஏழை உழவர் நாள்தோறும் வயலுக்குப் போகும் வழியில் பாழடைந்த குவான்யின் கோயில் ஒன்றைக் கண்டாராம். திருப்பணி செய்யக் கையில் பொருளில்லை. துடைப்பத்தை எடுத்துச் சென்று பெருக்கினார். மாதம் இருமுறை ஊதுவத்தி ஏற்றினார். அன்னை கனவில் தோன்றி, கோயிலின் பின்னே ஒரு செடியைக் காட்டினாள். அதுவே அந்தத் தேயிலை என்பது கதை. நண்பர் இதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கோ அந்த இரவு உறக்கம் வரவில்லை.

என் கணக்கில் ஒரு பிழை

திருச்சுழிக்குத் தெற்கே எங்கள் பூர்வீகக் கிராமம். அங்கே எங்கள் முன்னோர் எடுப்பித்த சிறிய சிவன் கோயில் உண்டு. மழை பொய்த்த ஆண்டுகளில் ஒவ்வொரு குடும்பமாக ஊரை விட்டு நகர்ந்தது. நாங்களும் அருப்புக்கோட்டைக்கு வந்தோம். என் தந்தையார் இறுதிக் காலத்தில் என்னிடம் கேட்டது ஒன்றே: “விளக்கு மட்டும் நின்றுவிடக் கூடாது.”

நான் வங்கிக்காரன். எனக்குத் தெரிந்த வழியில் அதைச் செய்தேன். 1990-களில் பத்தாயிரம் ரூபாயைக் கோயில் பெயரில் நிரந்தர வைப்பாக இட்டேன். அப்போது நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. மாதம் நூறு ரூபாய். எண்ணெய்க்கும் திரிக்கும் போதும். பக்கத்து ஊர்க் குருக்கள் வந்து ஏற்றுவார். கடமை முடிந்தது என்று கருதினேன்.

சோழர், பாண்டியர் காலத்தில் நந்தாவிளக்குக்கு ஆடுகளைக் கொடுத்தார்கள் என்பதை வாசக அன்பர்கள் அறிவீர்கள். சோழநாட்டுக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகள். இடையர் ஒருவர் அவற்றை ஏற்று, நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடாகி இறப்பவற்றின் இடத்தைக் குட்டிகள் நிரப்பும், எண்ணிக்கை குறையாது. அதனால் சாவா மூவாப் பேராடு என்று பெயர். முதல் அழியாமல் வட்டி மட்டும் வரும் திட்டம் என்று இதைப் பற்றி நான் அலுவலகத்தில் இளைஞர்களிடம் பெருமையாகச் சொல்வதுண்டு. ஆனால் அதில் ஒன்றை நான் கவனிக்கவில்லை. அந்தக் கல்வெட்டுகள் ஆட்டை மட்டும் எழுதவில்லை. அதைப் பெற்றுக்கொண்ட இடையரின் பெயரையும் எழுதின. பொருளோடு ஓர் ஆளையும் விளக்குக்குப் பிணைத்தார்கள்.

ஊர் திரும்பிய மறுவாரமே கிராமத்துக்குச் சென்றேன். குருக்கள் முதுமையால் நகரத்தில் இருக்கும் மகன் வீட்டுக்குச் சென்று ஆண்டுகள் ஆறாகியிருந்தன. எனக்கு எவரும் சொல்லவில்லை என்று நான் குறைகூற இடமில்லை. நான் எவரையும் கேட்கவில்லை. வங்கிக் கணக்கில் வட்டி தவறாமல் சேர்ந்திருந்தது, எடுக்க ஆளில்லை. கோயில் கதவில் பூட்டுத் துருவேறிக் கிடந்தது. சீமைக் கருவேலம் மதில்வரை வந்துவிட்டது.

ஆனால் வெளியே நந்தியின் முன் ஓர் அகல் விளக்கு. அதில் எண்ணெய்ப் பிசுக்கு ஈரமாக இருந்தது. ஆடு மேய்க்கும் மூதாட்டி ஒருவர் செவ்வாயும் வெள்ளியும் அங்கே ஏற்றி வருவதாக அறிந்தேன். அவரைத் தேடிச் சென்று, வைப்புநிதியைப் பற்றிச் சொன்னேன். அவர் ஆடுகளை ஒதுக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“காசு பேங்குல கெடக்கு, சரி தம்பி. திரியைப் போட யாரு கெடக்கா?”

செதியன் ஊர்ப் பாட்டி சொன்னதும் இதுவும் எனக்கு ஒரே பேச்சாகக் கேட்டன.

பூட்டை உடைத்துத் திறந்தோம். வௌவால் எச்சத்தை அகற்ற இரண்டு நாள்கள் ஆயின. மாற்றுச் சாவி ஒன்றை அந்த மூதாட்டியிடமே கொடுத்தோம். உறவினருள் சிலர் தயங்கினர், என் மனைவி, “ஆறு வருஷம் நந்திக்கு வெளிச்சம் காட்டினவர்களுக்குச் சாவி கொடுக்க என்ன யோசனை?” என்று கேட்டாள். தயக்கம் அத்துடன் நின்றது. அவர் கருவறைக்குள் செல்வதில்லை. அர்த்தமண்டபத்து வாசலில் விளக்கேற்றி வைக்கிறார். பிரதோஷந்தோறும் நாங்கள் சென்று, திருச்சுழியிலிருந்து குருக்கள் ஒருவரை அழைத்து அபிடேகம் செய்விக்கிறோம். மண்டபம் இன்னும் ஒழுகுகிறது. அந்த அம்மையாருக்கும் வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. அவருக்குப் பின் யார் என்னும் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. அவருடைய பேத்தி சில மாலைகளில் உடன் வருகிறாள் என்பதே இப்போதைக்கு உள்ள ஆறுதல்.

செல்ல விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

சுவான்சௌவுக்கு ஐப்பசி முதல் மார்கழி வரை ஏற்ற காலம். வெயிலும் மழையும் குறைவு. வெந்நீர் எங்கும் இலவசமாகக் கிடைக்கும்; ரயில் நிலையங்களில்கூட உண்டு. சைவ உணவைச் சீன மொழியில் ‘சூ’ என்பர்; பௌத்த ஆலயங்களை ஒட்டிய உணவுக்கூடங்களில் முழுச் சைவம் கிடைக்கும். ஷியாமென் நகரின் நான்புதுவோ ஆலயத்துச் சைவ உணவு பெயர் பெற்றது. ஆயினும் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கையில் இருப்பது நலம். செதியன் போன்ற சிற்றூர்களுக்கு மொழி அறிந்தவர் துணை இன்றியமையாதது.

அவ்வளவு தூரம் செல்ல இயலாதவர்கள் திருச்சுழிக்கு வாருங்கள். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை சுமார் ஐம்பது கிலோமீட்டர். அங்கிருந்து திருச்சுழி சுமார் பதினைந்து கிலோமீட்டர். பேருந்து வசதி உண்டு. திருமேனிநாதரையும் துணைமாலை நாயகியையும் தரிசித்து, பகவான் ரமணர் அவதரித்த சுந்தர மந்திரத்திலும் சற்று அமர்ந்து செல்லலாம். வேண்டிக்கொள்ளும்போது உங்களுக்காக மட்டுமன்றி, உங்களை ஆதரித்த ஒருவரின் திருமேனி நலத்துக்காகவும் வேண்டிக்கொள்ளுங்கள். தவச்சக்கரவர்த்திகள் காட்டிய வழி அது.

திரும்பும் வழியில், உங்கள் முன்னோர் விட்டுவந்த கோயிலின் சாவி இன்று யாரிடம் இருக்கிறது என்று ஒருமுறை விசாரியுங்கள்.